ஒரு காதில் மட்டும் கேட்கும் கும்பாபிஷேகம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. எம்ஆர்டியில் போகும்போதோ, சாயங்கால பூஜைக்கு முன்னாடி மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போதோ நிதானமா படிங்க.

பழைய கோயில் வீடியோக்களை நாங்க பகிரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வருது. "வலது பக்கம் சத்தமே வரலையே, என் ஹெட்போன் கெட்டுப்போச்சா?" ஹெட்போன் நல்லாத்தான் இருக்கு. அந்தக் காலத்துப் பதிவுகளில் பாதிக்கு மேல இப்படித்தான், இடது காதில் நாதஸ்வரம், வலது காதில் மயான அமைதி. சிலருக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். ஆனா இடது காது மந்தமான ஒரு பாட்டி வலது காதில் மட்டும் இயர்போன் மாட்டிப் பார்த்தா, அந்தக் கும்பாபிஷேகமே ஊமைப் படம்தான். இது ஏன் நடந்தது, எப்படிச் சரி பண்றதுன்னு சொல்லணும்னா முதல்ல பழைய கதைக்குப் போகணும்.

1931-ஆம் வருஷத்திலிருந்து ஆரம்பிப்போம். அந்த வருஷம் அக்டோபர் 31-ல்தான் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வெளியானது. கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார். ரெண்டு மொழியும் ஒரே ஒலித்தடத்தில், ஒரே ஒலிபெருக்கி வழியாத்தான் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் லண்டனில் ஆலன் புளூம்லீன் என்ற பொறியாளர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். சினிமாவில் ஆள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நடந்து போறார், ஆனா குரல் மட்டும் ஒரே இடத்தில் நிக்குதே என்பதுதான் அவருக்கு உறுத்தல். மனுஷனுக்கு ரெண்டு காது இருக்கிற மாதிரி ஒலிக்கும் ரெண்டு வழி கொடுத்தா, குரலும் ஆளோட சேர்ந்து நடக்கும். இப்ப நாம ஸ்டீரியோன்னு சொல்றது அதைத்தான். 1935-ல் அவர் செய்த சோதனைப் படங்களில் ஒண்ணு, ஹேஸ் ஸ்டேஷனில் ரயில் கடந்து போகும் காட்சி. ரயில் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லலாம். 1942-ல் ரேடார் கருவியைச் சோதிக்கப் போன விமானம் விழுந்து அவர் இறந்துட்டார். ரெண்டு தடம் உள்ள இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கலை, அவை வந்தது 1950களின் கடைசியில்.

ரயில் என்றதும் நம்ம வட்டாரத்துக்கு வந்துடலாம். 1932 மே மாசம் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் திறந்தது. புதுத் தண்டவாளம் குவீன்ஸ்டவுன் வழியாத்தான் போச்சு. அதே 1932-ல்தான் குவீன்ஸ்வே பக்கம், தண்டவாளத்தை ஒட்டி, ரயில்வே ஊழியர்கள் ஒரு சின்னக் குடிசையில் முனியாண்டியை வைத்துக் கும்பிட ஆரம்பிச்சாங்க. 1998-ல் காமன்வெல்த் டிரைவுக்கு இடம் மாறி இன்னிக்கு ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமா நிக்குதே, அதனுடைய மூலம் அந்தக் குடிசைதான். அப்ப 'குவீன்ஸ்டவுன்'ங்கற பேர்கூட இந்த இடத்துக்குக் கிடையாது. அது 1953-ல் ராணியின் முடிசூட்டை ஒட்டி வந்தது. தங்லின் ஹால்ட்டுன்னு ஒரு இடத்துக்குப் பேர் இருக்கே, அந்த 'ஹால்ட்' ரயில் நின்னு போன இடம்னுதான் அர்த்தம்.

அந்தக் குடிசையில் முதல் படையல் போட்டபோது என்ன சத்தம் கேட்டிருக்கும்? ஒரு பக்கம் உடுக்கை, இன்னொரு பக்கம் ரயில் கூவியிருக்கலாம். அதைப் பதிவு செய்ய யாரிடமும் கருவி இல்லை. போட்டோ ஒண்ணு ரெண்டு எந்தக் குடும்பத்திலாவது இருந்தா இருக்கும். ஆனா 1980, 90களில் நடந்த திருவிழாக்களுக்குச் சத்தம் இருக்கு. நம்ம வீட்டு அலமாரியில், பிளாஸ்டிக் டப்பாவில், டேப்பில் இருக்கு. அதனாலதான் இந்தக் காது விஷயத்துக்கு நாங்க இவ்வளவு நேரம் செலவு பண்றோம்.

தமிழர் காதுக்கு ஸ்டீரியோ வந்த கதையில் சிங்கப்பூருக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கே வந்து படமெடுத்த 'ப்ரியா' 1978-ல் வெளியானது. பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்த முதல் தமிழ்ப் படம்னு பரவலா சொல்றது அதைத்தான். அப்போ இளைஞரா இருந்தவங்க, ஸ்பீக்கர் ரெண்டையும் ஹாலின் ரெண்டு மூலையில் வச்சு, நடுவில் உட்கார்ந்து அந்தப் பாட்டுகளைக் கேட்டதை இன்னமும் சொல்வாங்க. பாட்டுக்கு ரெண்டு காது வந்தாச்சு. கோயில் வீடியோவுக்கு மட்டும் அது ஒழுங்கா வந்து சேரலை.

காரணம் விஎச்எஸ் டேப்பின் உடம்பிலேயே இருக்கு. 1976-ல் ஜேவிசி கொண்டு வந்த இந்த டேப்பில், படம் டேப்பின் அகலம் பூராவும் சாய்வான கோடுகளாப் பதிவாகும். சத்தத்துக்குக் கிடைச்சது ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை. நம்ம ஊர் பால் முறையில் அந்த டேப் விநாடிக்கு ரெண்டரை சென்டிமீட்டர்கூட நகராது. சாதாரண பாட்டு கேசட்டே அதைவிட ரெண்டு மடங்கு வேகமா ஓடும். அதனாலதான் பழைய வீடியோவில் நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி கேட்கும். 1980களின் நடுவில் 'ஹைஃபை' விஎச்எஸ் வந்தது. அதில் சத்தத்தையும் சுழலும் உருளையில் உள்ள தலைகளே பதியும், படத்துக்கு அடியில், டேப்பின் இன்னும் ஆழமான அடுக்கில். அந்த ஒலி ஸ்டீரியோ, தெளிவாவும் இருக்கும்.

ஆக ஒரே டேப்பில் ரெண்டு ஒலி இருக்கலாம். ஓரப் பட்டையில் ஒண்ணு, ஆழத்தில் ஒண்ணு. இதை நல்லா மனசில் வச்சுக்கோங்க. ஏன்னா அந்தக் காலத்தில் வீடியோ எடுத்தவங்க பலரும் விழா முடிஞ்சதும் டேப்பில் பக்திப் பாட்டோ வர்ணனையோ ஏத்துவாங்க. 'ஆடியோ டப்'னு ஒரு பட்டன் இருக்கும். அது ஓரப் பட்டையில் இருக்கிற சத்தத்தை மட்டும்தான் அழிச்சு எழுதும். ஆழத்தில் இருக்கிற ஹைஃபை ஒலியைப் படத்தை அழிக்காமத் தொடவே முடியாது. அதனால, முதலில் ஹைஃபை கருவியில் எடுத்த மூல டேப்பா இருந்தா, மேல பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்போதே அடியில் அன்றைய மண்டபத்துச் சத்தம் முழுசா உயிரோட இருக்கும். குருக்கள் மந்திரம், யாரோ ஒரு பெரியவர் "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க"ன்னு கத்துறது, குழந்தை அழுவுறது, எல்லாமே.

டேப்பை ஓட்டும் டெக்கில் ஹைஃபை, நார்மல், மிக்ஸ்னு ஒரு தேர்வு இருக்கும். மிக்ஸில் வச்சா பாட்டும் மண்டபமும் கலந்து வந்து குழம்பும். நார்மலில் வச்சா வெறும் பாட்டு. ஹைஃபையில் வச்சாத்தான் அந்த நாள் திரும்ப வரும். டேப்பை டிவிடியா மாத்திக் கொடுக்கிற இடங்களில் பலர் இதைப் பார்க்கறதில்லை, எது வருதோ அதைப் பதிஞ்சு கொடுத்துடுவாங்க. டிவிடி இருக்குன்னு மூல டேப்பைத் தூக்கிப் போட்ட குடும்பங்களை நினைச்சா எங்களுக்கு வயித்தெரிச்சல்தான். நேர் எதிராவும் நடக்கும். ஹைஃபை ஒலி பழசாகி 'பட் பட்'னு வெடிக்கும், ஆனா ஓரப் பட்டை மங்கலா இருந்தாலும் தொடர்ச்சியாக் கேட்கும். அப்ப நார்மலுக்கு மாத்திக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

சரி, ஒரு காது எங்கே போச்சு? பெரும்பாலான நேரம் குற்றவாளி ஒரு சின்ன பிளக். கேம்கார்டரில் மைக் செருகுற துளை ஸ்டீரியோவுக்குச் செஞ்சது, உள்ளே மூணு தொடர்புகள் இருக்கும்: இடது, வலது, பொது. கோயிலில் வச்சிருந்த மைக் பெரும்பாலும் மோனோ. அதன் பிளக்கில் ஒரே ஒரு கறுப்பு வளையம்தான், ரெண்டே தொடர்பு. அதைச் செருகினா நுனி இடதைத் தொடும், மீதி உலோகம் வலதையும் பொதுவையும் சேர்த்து இணைச்சுடும். வலது காது அந்த நிமிஷமே செத்தது. அன்றைக்குக் கேமராவில் பார்த்தவருக்கு இது தெரிஞ்சிருக்காது, கேமராவோட சின்ன ஸ்பீக்கர் ஒண்ணுதானே.

இந்த வகைதான் சரி பண்ண ரொம்ப சுலபம். இடது பக்க ஒலியை எடுத்து வலதுக்கும் கொடுத்தாப் போதும். பிரீமியரில் 'ஃபில் ரைட் வித் லெஃப்ட்'னு ஒரு எஃபெக்ட் இருக்கு, கிளிப் மேல இழுத்துப் போட்டா முடிஞ்சது. காசில்லாம டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துறவங்க, கிளிப்பில் ரைட் கிளிக் செஞ்சு 'கிளிப் ஆட்ரிப்யூட்ஸ்' போய், ஆடியோ பகுதியில் ரெண்டு பக்கத்துக்கும் முதல் சேனலையே கொடுங்க. சத்தத்தை மட்டும் தனியா எடுத்து வேலை செய்றவங்களுக்கு அடாசிட்டி போதும். தடத்தின் மெனுவில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து, காலியான பாதியை நீக்கிடுங்க. மிச்சமிருக்கிறது தானா ரெண்டு காதிலும் கேட்கும்.

இதில் ஒரு பொறி இருக்கு. நிறைய பேர் 'மிக்ஸ் டு மோனோ'ன்னு ஒரே அடியா அழுத்திடறாங்க. அது இடதையும் வலதையும் பாதிப் பாதியாக் கூட்டும். ஒரு பக்கம் காலின்னா, நல்ல ஒலி ஆறு டெசிபெல் குறைஞ்சு போகும். காலின்னு நாம நினைக்கிற பக்கத்தில் 'ஸ்ஸ்ஸ்'னு இரைச்சல் இருந்தா அதுவும் கூடவே வந்து ஒட்டிக்கும். அப்புறம் சத்தத்தைக் கூட்டினா இரைச்சலும் கூடும். நல்ல பக்கத்தை மட்டும் எடுக்கணும், கெட்ட பக்கத்தோட கலக்கக் கூடாது.

ஆனா எல்லா ஒற்றைக் காதும் ஒரே வியாதி இல்லை. 1993-ல் விசிடி வந்துச்சே, அதை நம்ம வீடுகளில் மறக்க முடியுமா? தேக்காவில் பை நிறைய வாங்கிட்டு வந்த காலம். அதில் கரோக்கே தட்டுகளில் இடது பக்கம் வெறும் இசை, வலது பக்கம் பாடகர் குரலோட இசைன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க, இல்லேன்னா மாத்தி வச்சிருப்பாங்க. சீனப் படத் தட்டுகளில் ஒரு காதில் காண்டனீஸ், மறு காதில் மாண்டரின். பிளேயர் ரிமோட்டில் 'எல்/ஆர்' பட்டனை அழுத்தி வேண்டியதைக் கேட்போம். 'காளிதாஸில்' ஒரே தடத்தில் கிடந்த ரெண்டு மொழிக்கு அறுபது வருஷம் கழிச்சு ஆளுக்கொரு காது கிடைச்ச மாதிரி! வீடியோக்காரர் சிலரும் இதே மாதிரி வேலை பார்ப்பாங்க. ஒரு சேனலில் குருக்களுக்குப் பக்கத்தில் வைத்த மைக், இன்னொன்றில் மண்டபத்துச் சத்தம், இல்லேன்னா வர்ணனை. அந்த மாதிரி பதிவில் ஒரு பக்கம் ரொம்ப நேரம் அமைதியா இருக்கும், பத்து நிமிஷம் கழிச்சுத் திடீர்னு ஒரு குரல் பேசும். முதல் ஒரு நிமிஷத்தைக் கேட்டுட்டு "வலது காலி"ன்னு முடிவு பண்ணி இடதை எடுத்து அதன் மேல நிரப்பினா, அந்தக் குரல் போச்சு. அதனால முழு நீளத்துக்கும் அலை வடிவத்தைக் கண்ணால் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.

1990களின் நடுவில் வந்த மினிடிவி டேப்பில் இன்னொரு சூட்சுமம். 12 பிட் முறையில் பதிஞ்சிருந்தா அதில் மொத்தம் நாலு ஒலித்தடம். முதல் ஜோடியில் மூலச் சத்தம், இரண்டாம் ஜோடி பிறகு டப் செய்ய ஒதுக்கினது. கம்ப்யூட்டருக்கு இழுக்கும் சில மென்பொருள்கள் முதல் ஜோடியை மட்டும்தான் எடுக்கும். வர்ணனையைக் காணோம்னு தேடறவங்க கேமரா மெனுவில் 'எஸ்டி2'ன்னு இருக்கான்னு பாருங்க.

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். 2020 ஏப்ரல் 7-ல் சர்க்கிட் பிரேக்கர் தொடங்கினப்போ, கோயில் கதவு பக்தர்களுக்கு மூடியிருந்துச்சு. பூஜையை வீட்டிலிருந்து போனில் பார்த்தோம். தொண்டூழியர்கள் பலர் அந்த வாரங்களில்தான் ஒளிபரப்புக் கத்துக்கிட்டாங்க. அப்ப உலகம் பூராவும் வழிபாட்டு இடங்களில் தலைகாட்டின ஒரு விசித்திர நோய் உண்டு. படம் ஓடும், குருக்கள் வாய் அசையும், போன் ஸ்பீக்கரில் சத்தமே வராது. ஹெட்போன் மாட்டினா நல்லாக் கேட்கும்! இதை நம்பவே மாட்டாங்க. காரணம் இதுதான். பெரிய மிக்சரிலிருந்து வரும் 'பேலன்ஸ்ட்' வயர் ஒரே ஒலியை ரெண்டு கம்பியில் அனுப்பும், ஒண்ணு நேராக, ஒண்ணு தலைகீழாக. நீள வயரில் ஏறும் இரைச்சலை நீக்க அது ஒரு நல்ல ஏற்பாடு. அதை அப்படியே கேமராவின் ஸ்டீரியோ துளையில் செருகினா, இடது காதுக்கு நேரான ஒலி, வலது காதுக்குத் தலைகீழ் ஒலி. ஹெட்போனில் ரெண்டும் தனித்தனியா வர்றதால கேட்கும், தலைக்குள்ள ஒரு மாதிரி கிறுகிறுன்னு இருக்கும், அவ்வளவுதான். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன் ரெண்டையும் கூட்டும். ஒண்ணோட மைனஸ் ஒண்ணைக் கூட்டினா பூஜ்யம். மந்திரம் தன்னைத் தானே அழிச்சுக்கும்.

இதுக்கும் மருந்து அதேதான். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து ரெண்டு காதுக்கும் கொடுங்க. இல்லேன்னா வலது பக்கத்தை மட்டும் 'இன்வர்ட்' பண்ணுங்க, நேராயிடும். அந்த வாரங்களில் எடுத்த பூஜை வீடியோக்களைக் கிணத்தில் போட்ட கல்லா விட்டுட வேணாம், ஒலி உள்ளேயே பத்திரமா இருக்கு. எந்த வீடியோவைப் பகிர்ந்தாலும் ஒரு தடவை ஹெட்போனிலும், ஒரு தடவை பழைய போன் ஸ்பீக்கரிலும் கேட்டுப் பார்க்கறது எங்க வழக்கம். வீட்டில் இருக்கிற பெரியவங்க கேட்கறது அந்த ஸ்பீக்கரில்தான்.

"சத்தம் கொஞ்சம் போனா என்ன, படம் இருக்கே"ன்னு சிலர் சொல்றாங்க. எங்களுக்கு அது சம்மதமில்லை. தைப்பூச வீடியோவை எடுத்துக்கோங்க. இங்கே 1973-லிருந்து ஊர்வலத்தில் இசைக்கருவி வாசிக்கத் தடை இருந்தது. 2016-ல்தான் வழியில் மூணு இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைச்சது. அதுக்கு இடைப்பட்ட வருஷங்களில் காவடி எடுத்தவங்களை எது தாங்கிப் பிடிச்சது? கூட நடந்தவங்க வாய்ப்பாட்டும் 'வேல் வேல்' கோஷமும். எந்தச் சொந்தக்காரர் முன்னால் பாடினார், பெண்கள் எப்படிப் பின்பாட்டுக் கொடுத்தாங்க, எந்த மெட்டு? படத்தைப் பார்த்தா வாய் அசையறதுதான் தெரியும். முன்பாட்டு ஒரு காதிலும் பின்பாட்டு மறு காதிலும் இருக்கிற பதிவில் ஒரு பக்கத்தைத் தொலைச்சா, நமக்குக் கிடைக்கிறது பாதி வரலாறுன்னுகூட சொல்ல முடியாது. தனியா ஒருத்தர் பாடினதா பேரப்பிள்ளைங்க நம்பிடுவாங்க.

சிங்கப்பூரில் எழுத்துக்கு ஒரு நல்ல ஏற்பாடு நடந்திருக்கு. 2015-ல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் ஐம்பது வருஷத்து சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்னாக்கம் பண்ணிடுச்சு. பேச்சுக்கு, 1979-ல் தொடங்கின வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஏராளமான நேர்காணல்களைச் சேர்த்து வச்சிருக்கு, தமிழிலும் உண்டு. வீட்டு டேப்புக்கு யார்? நாமதான்.

நேரமும் அதிகமில்லை. கடைசியா விசிஆர் தயாரிச்சுக்கிட்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. காந்த டேப்பில் இருக்கிறதை 2025-க்குள்ள மாத்தணும்னு ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே எச்சரிச்சது. அந்தக் கெடு தாண்டிப் போச்சு. டேப் அன்றைக்கே செத்துடாது, ஆனா ஓட்டறதுக்கு டெக் கிடைக்காது, தலை தேஞ்சா மாத்த ஆள் கிடைக்காது. நம்ம வட்டாரத்துக்கு இன்னொரு அவசரமும் இருக்கு. தங்லின் ஹால்ட், காமன்வெல்த் டிரைவ் பக்கம் 31 புளோக்குகள் மறுமேம்பாட்டுக்குப் போகும்னு 2014-ல் அறிவிச்சாங்க. நாப்பது ஐம்பது வருஷம் இருந்த வீட்டைக் காலி பண்ணும்போது முதல்ல குப்பைத் தொட்டிக்குப் போறது எது? ஓட்ட மிஷின் இல்லாத டேப்தான்.

அதனால வீட்டில் டேப் இருந்தா சில காரியம் பண்ணுங்க. முதல்ல, விஎச்எஸ் டேப்பின் முதுகுப் பக்கம் இடது ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைச்சுடுங்க, தவறி யாரும் மேல பதிய முடியாது. ஜன்னல் மாதிரி இருக்கிற பகுதியில் டேப் சுருளைப் பாருங்க. வெள்ளைத் தூள் மாதிரி படிஞ்சிருந்தா அது பூஞ்சை, நம்ம ஊர் ஈரத்துக்கு சகஜம். அதை டெக்கில் போடவே போடாதீங்க. டேப்பும் அறுந்து, டெக்கின் தலையும் கெட்டு, அடுத்துப் போடற நல்ல டேப்புக்கும் தொத்திக்கும். தனியா ஒரு உறையில் போட்டு வையுங்க, அதுக்கு வேற முறை இருக்கு. மத்ததைப் படுக்க வைக்காம, புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்க. யாரிடமாவது மாத்தக் கொடுத்தா ரெண்டு வார்த்தை மறக்காமச் சொல்லுங்க: ஹைஃபையில் ஒரு தடவை, நார்மலில் ஒரு தடவை பதிஞ்சு கொடுங்க, ரெண்டு சேனலையும் கலக்காம அப்படியே கொடுங்க. காது நிரப்பற வேலையை அப்புறம் பிரதியில் பண்ணிக்கலாம். மூலக் கோப்பைத் தொட வேணாம்.

டேப் மேல ஒட்டின தாளில் பேனாவால் எழுதியிருக்கே, வருஷம், திருவிழா பேர், "சித்தப்பா எடுத்தது"ன்னு, அதை முதல்ல போட்டோ எடுத்துடுங்க. வீட்டில் பெரியவங்க இருந்தா, வீடியோ ஓடும்போது பக்கத்தில் உட்கார வச்சு, கேட்கிற குரல் யாருதுன்னு கேட்டு நிமிஷக் கணக்கோட எழுதி வையுங்க. 12-வது நிமிஷம் தவில் வாசிக்கிறவர் யார், 31-வது நிமிஷம் மைக்கில் பேசறவர் எந்த புளோக்கில் இருந்தார்னு. மண்டபத்தில் அன்னதானப் பக்கம் எங்களைப் பார்த்தா அந்தத் தாளையும் கொண்டு வாங்க, சேர்ந்து கேட்போம்.